எல்லைப்புறக் கதைகளும் வரலாற்று ஆர்வமும்

1770ஆம் ஆண்டிலே, வட அமெரிக்காவின் கெண்டக்கிக் காட்டில், சிவப்பாறு என்னும் ஆற்றங்கரையில் வேட்டைக்காரர் அறுவர் பாடி அமைத்துத் தங்கியிருந்தனர். அவர்களுள் ஒருவர் பெயர் டானியல் பூன். மான்தோல் சேர்ப்பதற்காக மலைகளைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய மூட்டைகளில் வெடிமருந்தும் ஈயமும் இருந்திருக்கும் என்றால் நாம் வியப்படைய மாட்டோம். ஆனால் ஒரு புத்தகமும் இருந்தது. அஃது ஆங்கில ஆசிரியர் ஜோனதன் சுவிப்ட் 1726இல் வெளியிட்ட கலிவரின் யாத்திரைகள் என்னும் நூல். பொழுதுபோக்குக்காக அதனைக் காட்டுக்கு எடுத்துச் சென்றிருந்தனர்.

ஒருநாள் இரவு பாடிக்குத் திரும்பிய ஒருவர், அந்நூலில் வரும் இராட்சதர் நாட்டின் தலைநகருக்குத் தாம் போய் வந்ததாகவும், அங்கே இராட்சதர் இருவரைக் கொன்றுவிட்டதாகவும் வேடிக்கையாகச் சொன்னார். அவர் சென்று வந்த ஓடைக்கு அந்தத் தலைநகரின் பெயரே, சற்றுத் திரிந்த உருவில், நிலைத்துவிட்டது. லல்பெகிரட் ஓடை என்ற அப்பெயர் இன்றும் கெண்டக்கி மாநிலத்து நிலப்படங்களில் உண்டு. 1796இல் ஒரு காணி விவகாரத்தில் சாட்சியம் அளித்தபோது பூன் தாமே இச்செய்தியைக் கூறினார்.

நேயர்களே, ஒரு புத்தகம் காட்டுக்குச் சென்ற கதை இது. பின்னர் அந்தக் காடே புத்தகங்களுக்குள் வந்து சேர்ந்தது. அந்தப் புத்தகங்களை வாசித்தவர்களோ, இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னர், பழைய உடை அணிந்து, பழைய துவக்கைத் தோளில் தாங்கி, மீண்டும் காட்டுக்குப் புறப்பட்டார்கள். இம்மூன்றாவது பயணம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் விளைந்த நன்மை யாது, அதில் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடம் எது என்பவற்றையே இன்று ஆராயப் போகின்றோம்.

முதலில் எல்லைப்புறம் என்ற சொல்லை விளங்கிக்கொள்வோம். 18ஆம் நூற்றாண்டிலே ஆங்கிலேயக் குடியேற்றங்கள் அத்திலாந்திக் கரையோரமாகவே நெருங்கியிருந்தன. அவற்றுக்கு மேற்கே அப்பலாச்சிய மலைத்தொடர். வடக்கே கனடாவில் பிரெஞ்சு ஆட்சி. இவற்றுக்கு இடைப்பட்ட ஆறுகளும் ஏரிகளும் காடுகளுமே எல்லைப்புறம் எனப்பட்டன. ஆனால் அந்நிலம் ஆளில்லாத நிலம் அன்று. செவ்விந்தியர் என்று நம் பழைய நூல்கள் குறிப்பிடும் அமெரிக்க ஆதிக்குடிகளான ஷானியர், செரோக்கியர், டெலவேயர், மொகிக்கர், இரோக்குவாக் கூட்டமைப்பினர் முதலியோருக்கு அது வீடும் வேட்டைக்காடும் முன்னோர் துயிலும் மண்ணுமாக இருந்தது. ஒருவருக்கு விளிம்பாகத் தோன்றிய இடம் மற்றொருவருக்கு நடுமுற்றம். இவ்வுண்மையை மனத்திலிருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பூனைப் புகழேணியில் ஏற்றியது ஒரு சிறிய நூல். ஜோன் பில்சன் என்ற பள்ளியாசிரியர் 1784இல் கெண்டக்கியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குடியேறுவோரை அந்நிலத்துக்கு ஈர்ப்பதே அதன் நோக்கம். அதன் இறுதியில் பூன் தம் வரலாற்றைத் தாமே கூறுவதுபோல ஒரு பகுதி சேர்க்கப்பட்டிருந்தது. செய்திகள் பூனுடையவை; அலங்கார நடையோ பில்சனுடையது. ஓரளவே எழுதப் படிக்கத் தெரிந்த வேட்டைக்காரர் ஒருவர் தத்துவ ஞானிபோலப் பேசுவதை அதில் காணலாம். காணி விற்பனையும் கதையும் கைகோத்துப் பிறந்த நூல் என்று அதனைச் சொன்னால் பிழையாகாது. ஆயினும் அஃது ஐரோப்பிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு, ஒரு காட்டு மனிதனை உலகறிந்த வீரனாக்கியது.

அடுத்து வந்தவர் நாவலாசிரியர் ஜேம்ஸ் பெனிமோர் கூப்பர். 1789இல் பிறந்த இவர், நியூயோர்க் மாநிலத்தில் ஒட்சிகோ ஏரிக்கரையில் தம் தந்தையார் நிறுவிய ஊரில் வளர்ந்தவர். 1823 முதல் 1841 வரை, நற்றி பம்போ என்னும் காட்டு வீரனை நாயகனாகக் கொண்டு ஐந்து நாவல்களை எழுதினார். அவற்றுள் 1826இல் வெளிவந்த மொகிக்கரில் கடைசியானவன் என்னும் நாவலே பெரும் புகழ் பெற்றது. பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் வட அமெரிக்காவுக்காகப் போரிட்ட காலத்தில், 1757 ஆகத்து மாதத்தில், ஜோர்ஜ் ஏரியின் தென்கரையிலிருந்த வில்லியம் ஹென்றிக் கோட்டை முற்றுகையிடப்பட்டதே அக்கதையின் நடுநிகழ்ச்சி.

அக்கதையில் பெண்கள் கவர்ந்து செல்லப்படுவதும், காட்டுத் தடம் பற்றி வீரர் அவர்களைத் தேடி மீட்பதும் வருகின்றன. இதற்கு உண்மை நிகழ்ச்சி ஒன்று பின்னணியாக அமைந்தது. 1776 யூலை மாதத்தில், கெண்டக்கி ஆற்றில் தோணி செலுத்திக்கொண்டிருந்த சிறுமியர் மூவரை ஷானியரும் செரோக்கியரும் சேர்ந்த ஒரு குழு சிறைப்பிடித்துச் சென்றது. அவர்களுள் ஒருத்தி பூனின் மகள் ஜெமைமா. சிறுமியர் வழியில் சுள்ளிகளை முறித்தும், குதிகாலை மண்ணில் அழுத்தியும், துணிக்கிழிசலை விட்டும் தடயம் வைத்துச் சென்றனர். மூன்றாம் நாள் பூனும் துணைவரும் அவர்களை மீட்டனர். உண்மையிலே நடந்த ஒன்றை எடுத்து, இடத்தையும் ஆண்டையும் மாற்றி, கூப்பர் தம் கதைக்கு உரமாக்கிக்கொண்டார்.

20ஆம் நூற்றாண்டிலும் இம்மரபு ஓயவில்லை. 1937இல் கெனத் றொபேட்ஸ் எழுதிய வடமேற்கு வழி என்னும் நாவல், றொபேட் றொஜர்ஸ் என்ற படைத்தலைவரையும் அவருடைய காட்டுப்படையையும் மக்கள் முன் நிறுத்தியது. 1967இல் அலன் எக்கேட் என்பவர் எல்லைப்புற மக்கள் என்னும் நூலை வெளியிட்டார். பதினாறு வயதில் ஒரு சண்டையிலே எதிரியைக் கொன்றுவிட்டதாக அஞ்சி, வேறு பெயர் பூண்டு காட்டுக்கு ஓடிய சைமன் கென்றன் அதன் நாயகன். அடிபட்டவன் உண்மையில் இறக்கவில்லை. அச்செய்தி கென்றனுக்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே எட்டியது. ஷானியத் தலைவர் தெக்கம்சேயின் வாழ்வும் அந்நூலில் இணைந்து வருகிறது. எக்கேட் இவ்வரிசையில் 1988 வரை ஆறு நூல்களை எழுதினார்.

இந்நூல்களுக்கு இத்தனை ஈர்ப்பு எதனால் வந்தது? பள்ளிக்கூட வரலாற்று நூல், இன்ன ஆண்டில் இன்ன உடன்படிக்கை கைச்சாத்தானது என்று கூறி மேலே சென்றுவிடும். கதைநூலோ, உடன்படிக்கை கைச்சாத்தான அன்று மழை பெய்ததா, வீரனுடைய மதியுணவு யாது, அவன் காலில் என்ன அணிந்திருந்தான் என்றெல்லாம் கேட்கத் தூண்டுகிறது. வரலாறு அறிவுக்கு மட்டும் உரிய பொருள் அன்று, பசியும் குளிரும் அச்சமும் உள்ள மனிதருடைய வாழ்வு என்பதை உணர்த்துகிறது. மேலும், அந்த இடங்கள் இன்றும் உள்ளன. ஜோர்ஜ் ஏரி இருக்கிறது. கூப்பர் தம் பாத்திரங்களை ஒளித்துவைத்த குகை, கிளென்ஸ் நீர்வீழ்ச்சியருகே ஒரு பாலத்தின் கீழே இருக்கிறது. வாசகன் நூலை மூடிவிட்டு நிலப்படத்தை விரிக்கின்றான், பின்னர் பயணப்படுகின்றான்.

அவ்வாறு பயணப்பட்டோரில் ஒரு பகுதியினர் பார்த்ததோடு நில்லாமல், அக்காலத்தவர்போல வாழ்ந்து பார்க்கவும் விரும்பினர். இதனை வரலாற்று மீள்நடிப்பு எனலாம். இது நம் கூத்தைப் போன்றதன்று. மேடையும் இல்லை, பாட்டும் இல்லை, பெரும்பாலும் எழுதிவைத்த உரையாடலும் இல்லை. வார இறுதியில் பழைய கோட்டையொன்றின் அருகே நூற்றுக்கணக்கானோர் கூடுகின்றனர். வெண்துணிக் கூடாரம் அடிக்கின்றனர். இரும்பையும் தீக்கல்லையும் மோதித் தீ மூட்டுகின்றனர். இரும்புச் சட்டியில் சமைக்கின்றனர். கம்பளியைப் போர்த்துக்கொண்டு தரையில் உறங்குகின்றனர். போர் நிகழ்ச்சிகளில் துவக்குக்குக் குண்டு இடாமல் மருந்து மட்டும் இட்டுச் சுடுகின்றனர். தொழிலால் இவர்கள் ஆசிரியராகவோ தச்சராகவோ எழுதுவினைஞராகவோ இருப்பர். பொழுதுபோக்காகத் தொடங்கிப் பலர் இதனை வாழ்நாள் கல்வியாகவே ஆக்கிக்கொண்டுள்ளனர்.

இவ்வார்வம் படிப்படியாக வளர்ந்தது. குழல் வாய்வழியே மருந்திடும் பழைய துவக்குகளைப் பேணுவோர் 1933இல் ஒரு தேசிய சங்கம் அமைத்தனர். 1950களின் நடுவிலே, டேவி குரொக்கற் என்னும் எல்லைப்புற வீரனைப் பற்றிய தொலைக்காட்சிக் கதை அமெரிக்கச் சிறுவர் தலைகளிலெல்லாம் வாலுள்ள தோல்தொப்பியை ஏற்றிவைத்தது. வில்லியம் ஹென்றிக் கோட்டையும் அதே பத்தாண்டில், அகழாய்வை அடுத்து, பழைய இடத்தில் மீளக் கட்டப்பட்டது. 1968 முதல் இந்தியானா மாநிலத்தில் வபாஷ் ஆற்றங்கரையில், பிரெஞ்சு வணிகரும் ஆதிக்குடிகளும் கூடிய பழைய இலையுதிர்காலச் சந்தையை நினைவுகூரும் விழா நடைபெற்று வருகிறது. 1976இல் வந்த சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டு நிறைவும், 1992இல் கூப்பரின் நாவலைத் தழுவி வந்த திரைப்படமும் புதியோர் பலரை இத்துறைக்குள் கொண்டுவந்தன.

இவ்விடத்திலே ஒரு கேள்வி எழும். பெரியவர்கள் வேடமிட்டு விளையாடுவதில் வரலாறு எங்கே இருக்கிறது? விடை இதுதான்: வேடத்தைச் சரியாக இடவேண்டும் என்ற பிடிவாதத்தில் இருக்கிறது. நல்ல மீள்நடிப்பாளர் ஒரு பொத்தானையும் ஆதாரமின்றித் தைப்பதில்லை. இது 1757இல் இருந்ததா, இவ்வூரில் இருந்ததா, இத்தகைய ஏழையிடம் இருந்ததா என்று கேட்பார். அக்கேள்விக்கு நாவல் விடை தராது. ஆகவே அவர் நாவலை விட்டு மூலநூல்களைத் தேடவேண்டியவராகின்றார்.

அவ்வாறு தேடுவோர் கைக்கு முதலில் கிடைக்கும் நூல்களுள் ஒன்று, ஜோசப் டொட்றிட்ஜ் என்ற பாதிரியார் 1824இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பு. 1769இல் பிறந்த அவர், பென்சில்வேனியாவின் மேற்கு எல்லையில் மரக்குடிசையில் வளர்ந்தவர். தாம் கண்ட வாழ்வு மறைந்துபோகு முன் எழுதிவைக்க விரும்பினார். வேட்டைச் சட்டையைப் பற்றி அவர் தரும் விவரம் ஒரு தையற்காரருக்குப் போதுமானது. தொடையின் நடுவரை தொங்கும் தளர்ந்த சட்டை அது; கை அகன்றது; முன்புறம் திறந்தது; ஓரத்தில் வேறு நிற நூற்குஞ்சம் உடையது. ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து இடைக்கச்சால் கட்டினால் மார்புப்பகுதி ஒரு பையாகிவிடும். அதற்குள் ரொட்டியும் வற்றல் இறைச்சியும் துவக்குக் குழல் துடைக்கும் நாரும் வைத்துக்கொள்வர். பெரும்பாலும் ஆளிநூலும் கம்பளிநூலும் கலந்து நெய்த துணியாலேயே அது தைக்கப்பட்டது. மான்தோற் சட்டை சிலரிடமே இருந்தது. ஏனெனில் மழையில் நனைந்தால் அது குளிரைத் தாங்கமுடியாதபடி ஆக்கிவிடும்.

திரைப்படத்தில் வீரர் எல்லோரும் மான்தோலில் தோன்றுவதைக் கண்டு பழகியவர், டொட்றிட்ஜின் நூலை வாசித்தும், மான்தோல் உடுத்தி ஒருநாள் மழையில் நின்று பார்த்தும் உண்மையை அறிகின்றார். பூனுடைய தொப்பியும் அத்தகையதே. 1964 முதல் 1970 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரில் அவர் தோல்தொப்பியுடன் வருகின்றார். உண்மையான பூன் அணிந்ததோ அகன்ற விளிம்புடைய தொப்பி.

டொட்றிட்ஜின் நூலில் விலைவாசியும் உண்டு. எல்லைப்புறத்தில் உப்பு கிடையாது. இலையுதிர்காலத்தில் தோற்பொதிகளைக் குதிரைகளில் ஏற்றி மலைகளுக்குக் கிழக்கே அனுப்பி, உப்பும் இரும்பும் வாங்கி வருவர். ஒரு புசல் உப்பு ஏறத்தாழ 84 இறாத்தல் நிறை. அதன் விலை ஒரு நல்ல பசுவும் கன்றும். இதை வாசித்த பின்னரே பூனின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி நமக்கு விளங்குகிறது. 1778 பெப்ருவரியின் கடுங்குளிரிலும், பகைவர் நடமாடும் காட்டிலும், அவரும் ஏறக்குறைய முப்பது பேரும் கோட்டையை விட்டு ஏன் வெளியே சென்றனர்? உவர்நீர் ஊற்றில் உப்புக் காய்ச்சுவதற்காகவே. அங்கேதான் ஷானியர் அவர்களைச் சிறைப்பிடித்தனர். வீரக்கதையின் வேரைத் தோண்டினால் அடியில் ஒருபிடி உப்பு கிடைக்கிறது.

அந்நூலிலிருந்து இன்னொரு செய்தி. ஆறேழு வயதுச் சிறுவனாகப் பள்ளியில் சேர்வதற்கு மலைகடந்து செல்லும் வழியில், பெட்போட் என்னும் ஊரிலுள்ள ஒரு விடுதியிலே டொட்றிட்ஜ் முதன்முதலாகக் கோப்பையும் தட்டும் கண்டார். கோப்பையில் கோப்பி வந்தது. குடிக்க முடியவில்லை, குமட்டியது. அழுகையை அடக்கிக் குடித்து முடித்தால், பணியாள் மீண்டும் நிரப்பினாள். எப்படித் தப்புவது என்று தெரியாமல் பெரியவர்களைக் கவனித்தார். ஒருவர் கோப்பையைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் கரண்டியை வைத்தார். அதன்பின் அவருக்கு எவரும் ஊற்றவில்லை. சிறுவனும் அவ்வாறே செய்து தப்பினான். எல்லைப்புறத்துக்கும் ஊர்ப்புறத்துக்கும் இடையிலிருந்த தூரத்தை இந்தக் கோப்பை காட்டுவதுபோல எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது.

கையால் செய்து பார்ப்பதிலும் ஒருவகை அறிவு உண்டு. பென்சில்வேனியாவில் குடியேறிய செருமானியக் கம்மியர் வளர்த்தெடுத்த நீள்குழல் றைபிளை எடுத்துக்கொள்வோம். மருந்தை அளந்து குழலில் இடவேண்டும். கொழுப்புத் தடவிய துணித்துண்டில் ஈயக்குண்டைப் பொதிந்து, கோலால் அடிவரை இறுக்கவேண்டும். பின் பக்கத்திலுள்ள சிறு தட்டில் பொடிமருந்து தூவவேண்டும். தீக்கல் இரும்பில் மோதிப் பொறி பறந்தால் சுடும். காற்றோ மழையோ குறுக்கிட்டால் சுடாது. அமைதியான களத்திலேயே இதற்கு அரை நிமிடமளவு ஆகும். இதனைச் செய்து பார்த்தவருக்கு, ஒரு வெடி தீர்ந்ததும் வேட்டைக்காரன் ஏன் மரத்தின் பின்னே ஓடினான் என்பதை எவரும் விளக்கவேண்டியதில்லை. கதைநூல்களின் மிகைகளும் அப்போது வெளிப்பட்டுவிடும். 1895இலேயே எழுத்தாளர் மார்க் துவெயின் கூப்பரைக் கேலி செய்து ஒரு கட்டுரை வரைந்தார். அமைதி வேண்டிய வேளையிலெல்லாம் யாராவது ஒருவர் தவறாமல் காய்ந்த சுள்ளியை மிதித்துவிடுகின்றார் என்பது அவர் கூறிய குறைகளுள் ஒன்று.

ஆயினும் சட்டையும் சுள்ளியும் சிறிய செய்திகள். பெரிய செய்திகளிலும் நூல்கள் வழிதவறச் செய்ததுண்டு. வில்லியம் ஹென்றிக் கோட்டை 1757 ஆகத்து 9ஆம் நாள் சரணடைந்தது. சரணடைந்தவர்களுக்குப் பிரெஞ்சுத் தளபதி மொங்காம் பாதுகாப்பு உறுதியளித்திருந்தார். ஆனால் மறுநாள் புறப்பட்ட படையை, பிரெஞ்சுக்காரருக்குத் துணைநின்ற ஆதிக்குடி வீரர்கள் தாக்கினர். போரில் பெறலாம் என்று தாம் நம்பிவந்த பொருள்களும் கைதிகளும் தமக்கு மறுக்கப்பட்டதே அவர்கள் சினத்துக்குக் காரணம். இறந்தோர் பெருந்தொகையினர் என்ற எண்ணத்தைக் கூப்பரின் நாவல் பரப்பிவிட்டது. பெயர்ப்பட்டியல்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு 1990இல் இயன் ஸ்ரீல் என்னும் வரலாற்றாசிரியர் வெளியிட்ட ஆய்வின்படி, அத்தொகை 200க்கும் குறைவானது. கொலை கொலையே. எனினும் ஓர் இனத்தையே இரத்தவெறியர் என்று காட்டுவதற்கு ஒரு கதை துணைபோகுமானால், கணக்கைச் சரிபார்ப்பது நீதியின் கடமையாகும்.

அந்நாவலின் தலைப்பும் உண்மையன்று. மொகிக்கர் அழிந்துபோகவில்லை. தம் நிலத்திலிருந்து படிப்படியாக மேற்கே தள்ளப்பட்டு, இன்று விஸ்கொன்சின் மாநிலத்தில் ஸ்ரொக்பிறிட்ஜ்-மன்சி மொகிக்கர் சமுதாயமாக வாழ்ந்துவருகின்றனர். தம் கடைசி மனிதனைப் பற்றிய புகழ்பெற்ற கதை உலகமெங்கும் வாசிக்கப்படும்போது, உயிரோடிருக்கும் ஒரு மக்களின் உள்ளம் எவ்வாறிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். கண்ணீர் சொரிந்து ஒருவரை வழியனுப்பி வைப்பதும் சில வேளைகளில் அவரை மறப்பதற்கு எளிய வழியாகிவிடுகிறது.

றொஜர்ஸின் கதையையும் இவ்வாறே பார்க்கவேண்டும். 1759 ஒக்ரோபரில் அவர் தம் படையுடன் கனடாவிலுள்ள செயின்ற் பிரான்சிஸ் என்னும் அபெனாக்கியர் ஊரை விடியற்காலையில் தாக்கி எரித்தார். குறைந்தது 200 பேரைக் கொன்றதாக அவர் அறிக்கை செய்தார். பிரெஞ்சுக் குறிப்புகளோ இறந்தோர் ஏறத்தாழ 30 பேர் என்றும், அவர்களுள் 20 பேர் பெண்களும் குழந்தைகளும் என்றும் கூறுகின்றன. அபெனாக்கியர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வரலாற்றில் இன்னொன்று உண்டு. முதல்நாள் இரவே அவர்களுக்கு எச்சரிக்கை கிடைத்தது. பலர் காட்டில் ஒளிந்துகொண்டனர். அந்த ஊர் ஒடனாக் என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது. றொபேட்ஸின் நாவலை வாசித்து வீரத்தை வியந்தவர், எரிந்த ஊரார் சொல்வதையும் கேட்ட பின்னரே அந்நிகழ்ச்சியை முழுமையாக அறிந்தவராவார்.

சட்டையைத் தேடிச் செல்பவருக்கு இன்னொரு பாடமும் காத்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் எளியோர் எவ்வாறு உடுத்தனர் என்பதை அறிவதற்கு மிகச் சிறந்த ஆதாரங்களுள் ஒன்று, அக்காலப் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்கள். ஓடிப்போன அடிமைகளையும் ஒப்பந்தக் கூலிகளையும் பிடித்துத் தருமாறு எசமானர் கொடுத்த விளம்பரங்கள் அவை. ஓடியவரின் சட்டை நிறம், பொத்தான், காலுறை, சப்பாத்து, உடம்பிலுள்ள தழும்பு யாவும் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். துணியின் நிறத்தை அறியச் சென்றவர் தழும்பின் வரலாற்றையும் வாசிக்க நேர்கிறது. சுதந்திரத்தின் நிலம் என்று கதைகள் பாடிய எல்லைப்புறத்திலும் அடிமைகள் இருந்தனர். வெடிமருந்து செய்வதில் வல்லவராக விளங்கிய மங் எஸ்ரில் என்பவர் கெண்டக்கியில் அடிமையாக இருந்தவர். 1782இல் நடந்த ஒரு சண்டையில் காட்டிய துணிவுக்காக அவர் விடுதலை பெற்றார். பூனை அறிந்த உலகம் அவரை அறியவில்லை.

இனி, சிறைப்பட்டோர் கதைகளுள் ஒன்றையும் கூறவேண்டும். மேரி ஜெமிசன் என்ற பெண்ணைச் சிறுபிராயத்திலே போர்க்குழுவொன்று பிடித்துச் சென்றது. செனெக்கா இனத்தவர் அவரைத் தம் குடும்பத்தில் ஒருத்தியாக ஏற்றுக்கொண்டனர். பின்னர் திரும்பிச் செல்ல வாய்ப்பிருந்தும் அவர் செல்லவில்லை. அங்கேயே மணந்து, பிள்ளைகளைப் பெற்று, 1833இல் முதுமையுற்று இறந்தார். அவர் கூறியவற்றைக் கேட்டெழுதிய நூல் 1824இல் வெளிவந்தது. டொட்றிட்ஜின் நூல் வந்த ஆண்டும் அதுவே. பூனையும் ஷானியத் தலைவர் கரும்மீன் மகனாக ஏற்று, பேராமை என்று பொருள்படும் பெயர் சூட்டியிருந்தார் என்பது நினைவுகூரத்தக்கது. பகைமைக்கு இடையிலும் உறவு முளைத்த உலகம் அது. நல்லவர் ஒருபுறம், தீயவர் மறுபுறம் என்று கோடு கிழித்துக் காட்டும் நூல்களுக்கு அவ்வுலகம் அடங்குவதில்லை.

மீள்நடிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. கூடாரத்தில் உறங்குபவர் ஞாயிறு மாலை வீடு திரும்புவார். அவருடைய குழந்தை காய்ச்சலால் காட்டில் இறக்காது. அவருடைய ஊரை எவரும் எரிக்கமாட்டார்கள். 1768இல் ஸ்ரான்விக்ஸ் கோட்டையில் இரோக்குவாத் தலைவர்கள் பிரித்தானியருக்கு எழுதிக் கொடுத்தது, ஷானியரின் வேட்டைக்காடு. அதற்கு ஷானியர் இசையவில்லை. தம் காட்டைப் பிறர் விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட மனிதனின் நெஞ்சை எந்த உடையாலும் நடித்துக்காட்ட முடியாது. ஆதிக்குடி மரபினருள் சிலர் இத்தகைய விழாக்களிலே தாமே முன்வந்து தம் முன்னோர் வாழ்வை விளக்குகின்றனர். பிறர் தம்மைப்போல் வேடமிடுவதை விரும்பாதோரும் உளர். இரு சாராரின் சொல்லும் மதிக்கத்தக்கதே.

அப்படியானால், மிகையும் பிழையும் மலிந்த அந்தக் கதைநூல்களை ஒதுக்கிவிடலாமா? ஒதுக்கலாகாது என்பதே என் கருத்து. லைமன் டிறேப்பர் என்பவரின் வாழ்வு இதற்குச் சான்று. 1815இல் பிறந்த அவர், எல்லைப்புற வீரர் கதைகளில் இளமையிலேயே மனம் பறிகொடுத்தவர். அக்கதைகள் பிழையின்றி எழுதப்படவேண்டும் என்று விரும்பி, எஞ்சியிருந்த முதியோரையும் அவர்தம் பிள்ளைகளையும் தேடி ஊர் ஊராகச் சென்றார். 1851இல் பூனின் மகன் நேதனிடம் நெடிது கேட்டு எழுதிக்கொண்டார். எழுதத் திட்டமிட்ட பூன் வரலாற்றை அவர் முடிக்கவேயில்லை. ஆனால் அவர் திரட்டிய கையெழுத்துப் படிகள் ஏறத்தாழ 500 தொகுதிகளாக விஸ்கொன்சின் வரலாற்றுச் சங்கத்தில் உள்ளன. எக்கேட் முதலாகப் பலரும் அங்கேதான் செய்தி தேடினர். கதை ஆர்வத்தைத் தந்தது. ஆர்வம் ஆதாரத்தைச் சேர்த்தது. அந்த ஆதாரமே இன்று கதையைத் திருத்துகிறது.

ஆகவே, நேயர்களே, வரலாற்றுக் கதை ஒன்றை வாசித்து உள்ளம் கிளர்ந்தால் அதற்காக நாணவேண்டியதில்லை. எந்த நாட்டுக் கதையாயினும் ஆகுக. அதனை முடித்த பின்னர் மூன்று கேள்விகளைக் கேட்பது நன்று. இதனை எழுதியவர் எவ்வாறு அறிந்தார்? இதில் பேசாதவர் யார்? அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று எங்கே இருக்கின்றனர்? முதற்கேள்வி நம்மை மூலநூல்களிடம் கொண்டுசெல்லும். இரண்டாவது, விளம்பரத்தில் தழும்போடு நிற்கும் மனிதனிடம் கொண்டுசெல்லும். மூன்றாவது, ஒடனாக்கிலும் விஸ்கொன்சினிலும் இன்றும் வாழும் மக்களிடம் கொண்டுசெல்லும்.

அன்று சிவப்பாற்றங்கரையில் கலிவரின் கதையை வாசித்த அறுவரும், இராட்சதர் நாடு கற்பனை என்பதை அறிந்தே சிரித்தனர். அவர்களைப் பற்றிய கதைகளை வாசிக்கும் நமக்கும் அந்தத் தெளிவு வேண்டும். கதையைக் கதையாக நுகர்வோம். அதன் பின்னால் நின்ற மனிதரை, இருபுறத்தாரையும், வரலாறாக அறிவோம்.